எபிக் சரிபார்ப்பும் டாக்டர் பதிவேடுகளும்: ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்து மேசையிலிருந்து ஒரு விமர்சனம்

போன மாதம் ஒருநாள் இரவு பத்து மணிக்குச் சித்தி மகள் போன் செய்தாள். "அக்கா, எனக்குத் தைராய்டு ஆபரேஷன் செய்யப்போகிறவர் வேறு நாட்டில் படித்துவிட்டு வந்தவராம். நல்ல மாதிரியாகத்தான் பேசுகிறார். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. இவர் நிஜமான டாக்டர்தானா என்று எதில் போய்ப் பார்ப்பது?"

அவள் என்னிடம் கேட்டதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஒரு பெரிய மருத்துவமனையின் மனிதவளப் பிரிவில், ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, வெளிநாட்டில் படித்த டாக்டர்களின் சான்றிதழ்களைச் சரிபார்ப்பதுதான் பதினாறு வருடமாக என் பிழைப்பு. ஒரு டாக்டர் எங்கள் வார்டில் முதல் நோயாளியின் நாடியைப் பிடிப்பதற்கு முன்னால் அவருடைய ஃபைல் என் மேசையைத் தாண்டியிருக்க வேண்டும். அவளுக்கு அரைமணி நேரம் விளக்கினேன். போனை வைத்த பிறகு, நான் தினமும் புழங்குகிற இந்தச் சேவைகளைப் பற்றி ஒருமுறை எழுதியே வைத்துவிடலாமே என்று தோன்றியது.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டம் உண்மையா என்ற கேள்விக்கு இன்றைக்கு நன்றாகவே பதில் சொல்கிறார்கள். அந்தப் பட்டத்தை வாங்கியவர் இவர்தானா, முன்பு வேலை பார்த்த இடத்திலிருந்து ஏன் கிளம்பினார் என்று கேட்டால்தான் திக்குகிறார்கள். என் தூக்கத்தைக் கெடுத்த ஃபைல்கள் பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விகளில் மாட்டியவை.

நான் அதிகம் பயன்படுத்துவது எபிக் என்ற சான்றிதழ் சரிபார்ப்புச் சேவை. அமெரிக்காவில் பிலடெல்ஃபியாவிலிருந்து இயங்கும் இ.சி.எஃப்.எம்.ஜி. என்ற அமைப்பு நடத்துவது. வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு அமெரிக்காவுக்குப் பயிற்சிக்கு வருகிறவர்களைச் சோதித்து அனுப்புவதற்காக 1956-ல் தொடங்கிய அமைப்பு அது. 1986 முதல் அவர்கள் பட்டத்தை வழங்கிய கல்லூரியிடமே நேரில் கேட்டு உறுதி செய்துகொள்கிறார்கள். அந்தக் கைப்பழக்கத்தை மற்ற நாட்டு மருத்துவ கவுன்சில்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் திறந்துவிட்டதுதான் 2013-ல் வந்த எபிக். இங்கிலாந்தில் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் (ஜி.எம்.சி.) 2018 முதல் வெளிநாட்டுப் பட்டதாரிகளிடம் இதைக் கேட்டே பதிவு கொடுக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் வெளிநாட்டுப் பட்டதாரிகள் இந்த வழியாகத்தான் போகிறார்கள்.

வேலை நடக்கும் விதம் எளிமையானது. டாக்டர் தானே கணக்கு தொடங்க வேண்டும். பாஸ்போர்ட்டைக் காட்டி, வீடியோவில் ஒரு நோட்டரி முன்னால் உட்கார்ந்து அடையாளப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் பட்டச் சான்றிதழின் வண்ண ஸ்கேனை ஏற்றுகிறார். எபிக் அதை வழங்கிய கல்லூரிக்கே அனுப்பி, "இது நீங்கள் கொடுத்ததா?" என்று கேட்கிறது. கல்லூரியின் பதில் எபிக்குக்குப் போகிறது, எபிக்கின் அறிக்கை எங்கள் கணினிக்கு வருகிறது. கல்லூரியின் பதில் எந்தக் கட்டத்திலும் டாக்டரின் கை வழியாகப் போவதில்லை.

கடைசி வாக்கியம் சாதாரணமாகத் தோன்றலாம். எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் எல்லாம். எங்கள் பாஷையில் இதற்கு ப்ரைமரி சோர்ஸ் வெரிஃபிகேஷன் என்று பெயர். நான் 'ஊற்றுக்கண் சரிபார்ப்பு' என்று சொல்லிப் பார்த்தேன், ஆபீஸில் சிரித்தார்கள். பெயர் எதுவானாலும் விஷயம் ஒன்றுதான்: விண்ணப்பதாரர் கொண்டுவந்து கொடுக்கும் எதையும், அது எத்தனை சீல் வாங்கியிருந்தாலும், ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். எபிக் எங்களுக்கு வருவதற்கு முன்னால் இந்த வேலையை ஒரு தனியார் ஏஜென்சியிடம் கொடுத்திருந்தோம். பெயர் வேண்டாம். மயக்க மருந்து டாக்டர் ஒருவருடைய ஃபைல் அவர்களிடமிருந்து 'சரிபார்க்கப்பட்டது' என்ற பச்சை முத்திரையோடு வந்தது. கல்லூரிக் கடிதம், ரிஜிஸ்ட்ரார் கையெழுத்து, பேசிய தேதி, நேரம் எல்லாம் இருந்தன. ஃபைலை மூடப்போன நேரத்தில் ஏஜென்சி அழைத்த தொலைபேசி எண் கண்ணில் பட்டது. அதே எண் டாக்டர் கொடுத்த கடிதத்தின் லெட்டர்ஹெட்டிலும் இருந்தது. அவர்கள் எண்ணைத் தாங்களாகத் தேடவே இல்லை. அவர் கொடுத்த கடிதத்தில் அச்சாகியிருந்த எண்ணுக்குப் போன் போட்டு, "இந்தக் கடிதம் உண்மையா?" என்று கேட்டிருக்கிறார்கள். எடுத்தவர் "உண்மை" என்று சொல்லியிருக்கிறார். சொல்லாமல் என்ன செய்வார்?

நான் பல்கலைக்கழகத்தின் தளத்தில் போய்த் தேர்வுப் பிரிவின் எண்ணைத் தேடி எடுத்து அழைத்தேன். நான்கு நாள் யாரும் எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் ஒரு பெரியவர் எடுத்தார். பொறுமைசாலி. வருடத்தையும் பெயரையும் சொன்னேன். "இரும்மா" என்று ரிசீவரை மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். இரும்பு பீரோ திறக்கிற சத்தமும் கனமான எதையோ இறக்கி வைக்கிற சத்தமும் கேட்டன. பத்து நிமிடம் கழித்து வந்தார். "அந்தப் பெயர் இருக்கிறது. மூன்றாம் வருடத் தேர்வு வரைக்கும் இருக்கிறது. அதற்கப்புறம் இல்லை." நான்காம் வருடம் எழுதவில்லையா, எழுதித் தேறவில்லையா என்று கேட்டேன். "இல்லை என்றால் இல்லை, அவ்வளவுதான் இந்த நோட்டுக்குத் தெரியும்" என்றார். அந்த விண்ணப்பம் அத்தோடு நின்றது. ஏஜென்சி ஒப்பந்தமும் அடுத்த மாதம் நின்றது.

இது என் மேசையில் மட்டும் நடந்த கூத்து என்று யாரும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் சோலியா அலெமி என்கிற பெண்மணி இருபது வருடத்துக்கு மேல் மனநல டாக்டராக வேலை பார்த்தார். நியூசிலாந்தில் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்ததாகப் போலிச் சான்றிதழும், அதை உறுதி செய்வதாக ஒரு போலிக் கடிதமும் கொடுத்து 1995-ல் பதிவு வாங்கியவர். அப்போது சில காமன்வெல்த் நாடுகளில் படித்தவர்களுக்குத் தனியாகத் தேர்வு வைக்காத ஒரு வழி இருந்தது, அது 2003-ல் மூடப்பட்டது. அந்த உறுதிக் கடிதத்தில் 'வெரிஃபை' என்ற ஆங்கிலச் சொல்லையே எழுத்துப்பிழையோடு, 'ஈ' வர வேண்டிய இடத்தில் 'ஏ' போட்டு எழுதியிருந்ததாக நீதிமன்றத்தில் சொன்னார்கள். சரிபார்த்ததாகச் சொல்லும் கடிதத்தைக்கூட யாரும் சரிபார்க்கவில்லை. டிமென்ஷியா வந்த ஒரு மூதாட்டியின் உயிலைத் திருத்திய வழக்கில் அவர் 2018-ல் சிறைக்குப் போன பிறகு, உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஒருவர் நியூசிலாந்தில் விசாரித்தபோதுதான் பட்டம் பொய் என்பது வெளியே வந்தது. அதே வழியில் வந்த சுமார் 3,000 டாக்டர்களின் ஃபைல்களை அதற்கப்புறம் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். 2023-ல் மோசடிக்காக அவருக்கு ஏழு வருடத் தண்டனை கிடைத்தது. எபிக் மாதிரி ஒன்று 1995-ல் இருந்திருந்தால் ஆக்லாந்துக்குப் போகிற ஒரே ஒரு கேள்வியோடு இந்தக் கதை முடிந்திருக்கும். அதனால்தான் எபிக்கின் நிதானத்தை நான் குறை சொல்வதில்லை.

சரி, எரிச்சல்களுக்கு வருவோம். எபிக்கின் வேகம் கல்லூரியின் வேகம்தான். அவர்களுடைய இணையத் தளத்தில் பதிவு செய்துகொண்ட கல்லூரிகள் அதிலேயே பதில் போட்டுவிடுகின்றன, சில அறிக்கைகள் எனக்கு இரண்டு வாரத்தில் வந்திருக்கின்றன. காகிதத்தில் பதில் எழுதும் கல்லூரி என்றால், அந்த மேசையில் இருப்பவர் விடுப்பில் போனாலே மூன்று மாதம் ஓடிவிடும். துறைத் தலைவர் எனக்குப் போன் செய்து, "என் டாக்டர் எங்கேம்மா?" என்று கத்துவார். நினைவூட்டல் போகிறது என்று திரையில் தெரியும், யாருக்குப் போகிறது என்று தெரியாது.

பெயர்த் தகராறு இன்னொரு பக்கம். கல்யாணத்துக்குப் பின் பெயர் மாறியவர்கள், அப்பா பெயரைச் சுருக்கித் தலைப்பெழுத்தாக வைத்திருப்பவர்கள், ஒரே பெயரை மூன்று லிபியில் மூன்று விதமாக எழுதுகிற தேசங்களிலிருந்து வருபவர்கள் எல்லோரும் இங்கே சிக்கிக்கொள்வார்கள். பட்டத்தில் ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் வேறு எழுத்து என்றால் எபிக் ஆதாரம் கேட்கும். கேட்பது நியாயம்தான். ஆனால் கேட்கிற மின்னஞ்சலைப் படித்தால் குற்றப்பத்திரிகை மாதிரி இருக்கும். ஒரு குழந்தைகள் நல டாக்டர் அதைப் பார்த்துவிட்டு என் மேசைக்கு முன்னால் அழுதே விட்டார். "அதில் உங்களைக் குற்றம் சொல்லவில்லை டாக்டர், பேரைத்தான் கேட்கிறார்கள்" என்று தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன்.

எனக்கு நிஜமாகவே மனக்குறை உள்ள இடம் வேறு. போர் நடக்கும் நாட்டிலிருந்து வந்த ஒரு எலும்பு முறிவு டாக்டர். கல்லூரிக் கட்டடமே இல்லை, ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வேறு ஊருக்கு மாறி, பாதிப் பதிவேடுகள் போய்விட்டன. பட்டம் உண்மைதான் என்று எனக்கு உள்ளுக்குள் தெரியும். அவருடைய வகுப்புத் தோழர்கள் ஐந்து பேர் வெவ்வேறு நாடுகளில் வேலை பார்க்கிறார்கள், ஐந்து பேரும் சாட்சி சொன்னார்கள். ஆனால் ஊற்றுக்கண் வறண்டு போனால் எபிக்கால் செய்ய முடிவது குறைவு. பதினொரு மாதம் காத்திருந்தார். அதுவரைக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்தில் மாதிரிக் குப்பிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு வழியாக வேறு ஊரில் திறந்த ஆபீஸிலிருந்து பதில் வந்தது. போலி ஆளைப் பிடிக்கக் கட்டிய வேலி நல்லவரையும் கீறத்தான் செய்யும். அதற்காக வேலியை எடு என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அந்தப் பதினொரு மாதத்தை எந்த அறிக்கையும் எழுதி வைப்பதில்லை.

எபிக் இல்லாமல் எங்கிருந்தும் இலவசமாகப் பார்க்கக்கூடியது உலக மருத்துவக் கல்லூரிகளின் டைரக்டரி. உலக மருத்துவக் கல்விக் கூட்டமைப்பும் ஃபைமர் என்ற அறக்கட்டளையும் தனித்தனியாக வைத்திருந்த பட்டியல்களைச் சேர்த்து 2014-ல் திறந்தது. சித்தி மகள் போன்றவர்களுக்கு இதில் ஒரு எச்சரிக்கை: கல்லூரியின் பெயர் அதில் இருப்பதால் அது தரமான கல்லூரி என்று ஆகிவிடாது. இருக்கிறது, அவ்வளவுதான். மூடிப்போன கல்லூரிகளும் அதில் உண்டு. எனக்குப் பிடித்த கட்டம் அந்தக் கல்லூரி பாடம் தொடங்கிய வருடம். ஒருமுறை ஒரு பட்டம் வந்தது. தங்க நிற முத்திரை, சரிகைப் பட்டை, பார்க்கவே கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. டைரக்டரியைத் திறந்தால், பட்டத்தில் போட்ட வருடத்துக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் அந்தக் கல்லூரி முதல் வகுப்பையே நடத்தியிருக்கிறது. அந்த ஃபைலுக்கு எபிக்கே தேவைப்படவில்லை.

இனி நோயாளிகளுக்கு உதவும் பதிவேடுகள். சித்தி மகளுக்கு நான் முதலில் சொன்னது இதைத்தான்: "அவர் எங்கே படித்தார் என்பதை அப்புறம் பார். இப்போது உனக்குக் கத்தி வைக்கப்போகிற இடத்தில் அவருக்குப் பதிவு இருக்கிறதா என்று பார். பெயரை வைத்துத் தேடாதே, பதிவு எண்ணைக் கேள்."

நான் பார்த்ததில் இங்கிலாந்து ஜி.எம்.சி. பதிவேடு சுத்தமானது. பெயரையோ ஏழு இலக்க எண்ணையோ போட்டால், டாக்டருக்குப் பதிவு மட்டுமா, வேலை செய்யும் லைசென்ஸும் உண்டா, எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்த வருடம் படித்தார், நிபுணர் பட்டியலில் இருக்கிறாரா, ஏதாவது நிபந்தனையோ எச்சரிக்கையோ இருக்கிறதா என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் வரும். பதிவும் லைசென்ஸும் வேறு வேறு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பெயர் பட்டியலில் இருந்துகொண்டே, நோயாளியைப் பார்க்க உரிமை இல்லாமலும் இருக்கலாம். ஆஸ்திரேலியாவில் ஆப்ரா என்ற அமைப்பு நடத்தும் தேசியப் பதிவேடு 2010 ஜூலையில் தொடங்கியது. அதற்கு முன்னால் மாநிலத்துக்கு ஒன்றாகச் சிதறிக் கிடந்தது. அதில் பதிவு ரத்தானவர்களைத் தனியாகவே பட்டியல் போட்டு வைத்திருப்பது எனக்குப் பிடிக்கும். அமெரிக்காவில் மாநில மருத்துவ வாரியங்களின் கூட்டமைப்பு நடத்தும் டாக்இன்ஃபோ தளத்தில் ஒரு டாக்டர் எந்தெந்த மாநிலத்தில் லைசென்ஸ் வைத்திருக்கிறார், எந்த வாரியமாவது அவர்மேல் நடவடிக்கை எடுத்திருக்கிறதா என்று பார்க்கலாம்.

இவற்றில் எனக்கு ஆத்திரம் வருகிற விஷயம் ஒன்று உண்டு. அதே அமெரிக்காவில் நேஷனல் பிராக்டிஷனர் டேட்டா பேங்க் என்று 1990 முதல் ஒன்று இருக்கிறது. டாக்டர்கள்மேல் கட்டிய இழப்பீடுகளும், மருத்துவமனைகள் பிடுங்கிய உரிமைகளும் அதில் பதிவாகின்றன. மருத்துவமனைகள் வேலைக்கு எடுக்கும்போதும், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் அதைக் கேட்டே ஆக வேண்டும். ஆனால் நோயாளிக்கு அந்தக் கதவு திறக்காது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் அப்படித்தான். ஒரு நாடு டாக்டருக்குத் தடை போட்டால் மற்ற உறுப்பு நாடுகளுக்கு மூன்று நாளுக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு 2016 முதல் ஓடுகிறது. நல்ல ஏற்பாடுதான். அதுவும் அதிகாரிகளுக்குள்ளேயே நடக்கும் பேச்சு.

பழைய நடத்தையைத் தெரிந்துகொள்ள எங்கள் கையில் இருப்பது குட் ஸ்டாண்டிங் சர்டிஃபிகேட். 'இவர் எங்களிடம் பதிவு செய்திருந்தார், இவர்மேல் நடவடிக்கை ஏதும் இல்லை' என்று முன்பு இருந்த நாட்டின் கவுன்சில் தருவது. பொதுவாக மூன்று மாதத்துக்குத்தான் செல்லும். என் அனுபவத்தில் இந்த மொத்தச் சங்கிலியிலும் பலவீனமான கண்ணி இதுதான். ஏன் என்று புரிய வேண்டுமானால் பண்டபெர்க் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜயந்த் பட்டேல் போலி டாக்டர் இல்லை. இந்தியாவில் படித்த பட்டமும் உண்மை, அமெரிக்காவில் செய்த அறுவைப் பயிற்சியும் உண்மை. எபிக் அன்றைக்கு இருந்திருந்தாலும் பச்சை விளக்குதான் எரிந்திருக்கும். ஆனால் 2000-ல் ஓரிகன் மாநில வாரியம் அவர் சில பெரிய அறுவைகளைச் செய்யக் கூடாது என்று கட்டுப்பாடு விதித்திருந்தது. 2001-ல் நியூயார்க் லைசென்ஸை ஒப்படைத்தார். 2003-ல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் பண்டபெர்க் அரசு மருத்துவமனைக்கு வேலைக்கு வந்தார். விண்ணப்பத்தில் கட்டுப்பாடு உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதினார். ஓரிகனிலிருந்து வந்த சான்றிலேயே அவர்மேல் ஒரு ஆணை பதிவில் இருக்கிறது, இணைப்பைப் பார்க்கவும் என்று எழுதியிருந்தது. இணைப்பு இல்லை. இணைப்பு எங்கே என்று மேசையில் இருந்தவர் கேட்கவில்லை.

நான் இந்த இடத்தைப் படித்தபோது எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். ஏனென்றால் அந்த மேசை என் மேசை. திங்கட்கிழமை காலை, நாற்பது ஃபைல், துறைத் தலைவர் போனில். 'இணைப்பைப் பார்க்கவும்' என்ற வரியைத் தாண்டிப் போக ஒரு நொடி போதும். அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த டோனி ஹாஃப்மன் என்ற நர்ஸ் பட்டேலைப் பற்றி இரண்டு வருடம் மேலிடங்களில் முறையிட்டு, கடைசியில் விஷயம் சட்டமன்றம் வரை போனது. 2005-ல் ஒரு பத்திரிகையாளர் பட்டேலின் பெயரைக் கூகுளில் போட்டுப் பார்த்தார். ஓரிகன், நியூயார்க் விவரங்கள் அங்கேயே கிடந்தன. நோயாளிகளின் மரணம் தொடர்பாக 2010-ல் வந்த தண்டனையை 2012-ல் ஆஸ்திரேலிய ஹைகோர்ட் ரத்து செய்தது. பழைய தடையை மறைத்து வேலை வாங்கிய மோசடியை 2013-ல் அவரே ஒப்புக்கொண்டார்.

அன்றிலிருந்து என் மேசையில் இரண்டு பழக்கம். எந்தச் சான்றிலும் 'இணைப்பு' என்ற சொல் இருந்தால் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுவிட்டு, இணைப்பு கைக்கு வரும்வரை அந்த ஃபைலைத் தொடமாட்டேன். அடுத்து, இப்போது இருக்கிற நாட்டின் கவுன்சிலோடு நிறுத்தாமல், அவர் எப்போதாவது பதிவு செய்திருந்த எல்லா நாட்டு, எல்லா மாநில கவுன்சிலுக்கும் நேரடியாக எழுதுவேன். வேலை வரலாற்றில் மூன்று மாதம் காலியாக இருந்தாலும் கேட்பேன். பெரும்பாலும் பிரசவ விடுப்பு, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் பதில் வரும். கேட்டதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொள்வேன்.

ஆள் மாறாட்டம் இதைவிடச் சிக்கலானது. ஷ்யாம் ஆச்சார்யா என்பவர் வேறொரு உண்மையான டாக்டரின் பெயரையும் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு 2003 முதல் 2014 வரை நியூ சவுத் வேல்ஸ் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்தார். அங்கே கல்லூரியிடம் கேட்டிருந்தாலும் 'ஆம், இந்தப் பெயரில் ஒருவர் படித்தார்' என்றுதான் பதில் வந்திருக்கும். 2017-ல் அவருக்கு விதித்தது 30,000 டாலர் அபராதம். பதினோரு வருடத்துக்கு அது! எபிக்கில் பாஸ்போர்ட்டும் நோட்டரி வீடியோவும் இருப்பதால் இன்று இது கொஞ்சம் கடினம். ஆனால் பாஸ்போர்ட்டே திருடிய பெயரில் எடுத்ததாக இருந்தால் நோட்டரி என்ன செய்வார்? ஜி.எம்.சி. பதிவேட்டிலோ ஆப்ரா பதிவேட்டிலோ டாக்டரின் புகைப்படம் கிடையாது. தனியுரிமை என்று காரணம் சொல்லலாம். எனக்கு அது ஒப்பவில்லை. அதே டாக்டரின் படம் மருத்துவமனை வாசலில் ஆளுயரப் பேனரில் சிரிக்கிறது.

மொழி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது என் மேசையில் முடிவாவதில்லை. 2008-ல் ஜெர்மனியிலிருந்து வார இறுதிப் பணிக்கு இங்கிலாந்து வந்த ஒரு டாக்டர் வலிக்குக் கொடுக்க வேண்டிய டையமார்ஃபினைப் பத்து மடங்கு ஏற்றி, நோயாளி இறந்துபோனார். காகிதங்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. இன்னொரு பகுதியில் ஆங்கிலம் போதாது என்று முன்பே அவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஐரோப்பிய டாக்டர்களின் ஆங்கிலத்தைச் சோதிக்கும் அதிகாரம் ஜி.எம்.சி.க்கு 2014-ல்தான் கிடைத்தது.

ஆக, மதிப்பெண் போடச் சொன்னால் எபிக்குக்குப் பத்துக்கு எட்டு போடுவேன். குறைத்த இரண்டில் ஒன்று அந்த மின்னஞ்சல்களின் தொனிக்கு, மற்றது அந்த எலும்பு டாக்டரின் பதினொரு மாதத்துக்கு. கல்லூரி டைரக்டரிக்கு ஏழு. பொதுப் பதிவேடுகளில் ஜி.எம்.சி.க்கும் ஆப்ராவுக்கும் ஏழரை, படம் போட்டால் ஒன்பது. குட் ஸ்டாண்டிங் சர்டிஃபிகேட்டுக்கு நாலு, அதுவும் கவுன்சில் நேரடியாக அனுப்பினால்தான். டாக்டர் கையில் கொண்டுவந்தால் அது வெறும் காகிதம்.

சித்தி மகள் மறுநாள் டாக்டரிடம் பதிவு எண்ணைக் கேட்டிருக்கிறாள். அவர் முகம் சுளிக்காமல் அப்பாயின்ட்மென்ட் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்திருக்கிறார். எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பினாள். எண்ணைப் போட்டேன். பதிவு இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது, அறுவை நிபுணர் பட்டியலில் இருக்கிறார், நிபந்தனை ஏதும் இல்லை. ஆனால் பதிவேட்டில் அவருடைய பெயரில் ஒரு 'ஹெச்' அதிகம். மருத்துவமனைத் தளத்தில் அந்த 'ஹெச்' இல்லை. எனக்குக் கை சும்மா இருக்குமா? "அதையும் கேள்" என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டே போய்க் கேட்டாள். பாஸ்போர்ட்டில் அந்த எழுத்தோடுதான் இருக்கிறதாம், பள்ளிக்கூடத்தில் யாரோ அப்படி எழுதிவிட்டார்களாம். மருத்துவமனைத் தளத்தில் மாற்றச் சொல்லி இரண்டு முறை எழுதினாராம். சொல்லிவிட்டுப் பாஸ்போர்ட்டையே எடுத்துக் காட்டினாராம்.

போன வியாழக்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் கட்டோடு ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறாள். மருத்துவமனைத் தளத்தை இன்று காலையிலும் பார்த்தேன். அந்த 'ஹெச்'சை இன்னும் சேர்க்கவில்லை.